கன்னியாகுமரி மாவட்டத்தில் மனநலப் பணி: வருபவரின் வாழ்வுலகை அறிந்து உதவும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் மனநல ஆலோசகராகவோ, சமூகப் பணியாளராகவோ, செவிலியராகவோ புதிதாகப் பணியில் சேர்ந்திருப்பவர்களை எண்ணி இதை எழுதுகிறேன். படிப்பில் கற்ற நோயறிகுறிகளும் சிகிச்சை முறைகளும் இங்கும் பொருந்தும். ஆனால் ஒருவர் தம் துன்பத்தை எந்தச் சொல்லால் சொல்கிறார், நம்மிடம் வருவதற்கு முன் எங்கெல்லாம் போய்வந்தார், சிகிச்சையைத் தொடர்வதா வேண்டாமா என்பதை வீட்டில் யார் முடிவு செய்கிறார் ஆகியவை தெரியாமல் அந்தப் படிப்பை அவருக்குப் பயன்படுத்த முடியாது.

இம்மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியாக இருந்தது. மேற்கே விளவங்கோடு பக்கம் மலையாளம் வீட்டு மொழியாக இருக்கும் குடும்பங்கள் பல உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறித்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு, முஸ்லிம்கள் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இந்த எண்கள் மேலோட்டமானவை. கிறித்தவர் என்ற ஒரே சொல்லுக்குள் இலத்தீன் கத்தோலிக்கர், மலங்கரைக் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், இரட்சணிய சேனையினர், பெந்தகோஸ்து சபையினர் எனப் பலர் அடங்குவர். கணக்கெடுப்பில் இந்துக்களோடு சேர்த்து எண்ணப்படும், அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழி மக்களில் பலர் தம்மைத் தனி வழியினராகவே கருதுகிறார்கள். ஆகவே பெயரையும் நெற்றியையும் கழுத்தையும் பார்த்து முடிவுக்கு வராமல், எதிரில் அமர்ந்திருப்பவரிடமே கேட்டறிய வேண்டும் என்பதுதான் இங்கே முதலும் முடிவுமான விதி. கீழே நான் சொல்பவையும் கேட்க வேண்டிய கேள்விகளை நினைவூட்டுவதற்குத்தான். கேட்காமலே விடை எழுதிக்கொள்வதற்கு அல்ல.

முதல் சந்திப்பு

நாம் கேள்வி கேட்பதற்கு முன்பே வந்தவர் கேட்பார்: "வீடு எங்க?" ஊரைச் சொன்னால் அடுத்ததாகத் தெரு, அதன்பின் எந்தக் கோயில் அல்லது எந்தச் சபை என்று பேச்சு நகரும். இதை ஊர்வம்பு என்று தள்ளிவிடக் கூடாது. தம் வீட்டுச் செய்தியை யாரிடம் சொல்லப்போகிறோம், அது எந்த வழியாகத் தம் ஊருக்குத் திரும்பிவரக்கூடும் என்று அவர் எடைபோட்டுப் பார்க்கிறார். ஊர்ப்பெயரைத் தயங்காமல் சொல்லிவிட்டு, "நான் எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் இங்கே சொல்வது என்னை விட்டு வெளியே போகாது, போக வேண்டிய நிலை ஏதாவது வந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்வேன்" என்று அந்த இடத்திலேயே உறுதி கூறுவது நல்லது. மறுமொழி சொல்லாமல் மழுப்பினால் அவர் அடுத்த முறை வர மாட்டார்.

மதம், சாதி ஆகியவற்றைப் படிவத்தின் முதல் வரியில் இருக்கின்றன என்பதற்காக முதல் கேள்வியாக வைக்க வேண்டாம். சில வீடுகளில் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் சபைப் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருக்கும். கிறித்தவத்துக்கு மாறினால் பட்டியல் சாதியினருக்கான உரிமை போய்விடும் என்பது 1950 முதல் உள்ள சட்ட நிலை. அந்த வீட்டிலிருந்து வந்தவர் மதம் பற்றிய கேள்வியை விசாரணையாகவே உணர்வார். மாறாக, "மனசு கனத்துப் போனால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? வாரத்தில் எங்கே போவீர்கள்?" என்று கேட்டால், வேண்டிய விவரம் தானாகவே வரும்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்க்கலாம். அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஐம்பது வயதுப் பெண் வருகிறார் என்று கொள்வோம். தோட்டுப் பால் பட்டு விரல் நுனிகள் கறுத்திருக்கின்றன. "நெஞ்சுக்குள்ள ஒரே எரிச்சல், கெறக்கம் வருது, ராத்திரி உறக்கம் இல்ல" என்கிறார். இதயப் பரிசோதனை செய்தாயிற்று. குறையில்லை என்று சொல்லி, "இது மனசு சம்பந்தப்பட்டது" என்று ஒரு வரியில் நம்மிடம் அனுப்பிவிட்டார்கள். அவர் கோபத்தோடு இருக்கிறார். "எனக்கென்ன கிறுக்கா, ஊளம்பாறைக்கு அனுப்பவா இங்க கொண்டு வந்திருக்கீங்க?" என்று மகளைப் பார்த்துக் கேட்கிறார். 1870-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை இருக்கும் ஊளம்பாறையின் பெயர், இந்தப் பக்கத்தில் தலைமுறைகளாக ஏச்சுச் சொல்லாகவே வழங்கிவருகிறது. அந்த அச்சத்துக்கு விடை சொல்லாமல் மேலே போக முடியாது. ஆகவே முதலில், எரிச்சல் உண்மையானது, அவர் நடிக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யாரும் அவரை எங்கும் அனுப்பிவிட வரவில்லை என்றும் கூற வேண்டும். பிறகு அவருடைய சொற்களையே எடுத்துக்கொண்டு, இந்த எரிச்சல் எப்போது தொடங்கியது, அந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, எதனால் வந்தது என்று அவர் நினைக்கிறார், வீட்டிலுள்ளவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள், இதற்காக இதுவரை என்னென்ன செய்து பார்த்தார், இது தீராமல் போனால் என்ன ஆகிவிடும் என்று அஞ்சுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

இந்தக் கேள்விகள் நான் கண்டுபிடித்தவை அல்ல. மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1970-களிலேயே இவ்வகைக் கேள்விகளை முன்வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில், பண்பாட்டுப் பின்னணியைக் கேட்டறிவதற்கான பதினாறு கேள்விகள் கொண்ட நேர்காணல் முறை சேர்க்கப்பட்டது. பதினாறையும் வரிசையாகக் கேட்க நம் புறநோயாளர் பிரிவில் நேரமிருக்காது. என் கருத்தில், "எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?", "இதற்கு முன் எங்கே போனீர்கள்?" என்ற இரண்டு மட்டும் எந்த நெருக்கடியிலும் விடப்படக் கூடாதவை. முதல் கேள்விக்குப் பலர் "எனக்கு என்ன தெரியும், படிச்சவங்க நீங்கதான் சொல்லணும்" என்பார்கள். "படித்தவர்கள் சொல்வது இருக்கட்டும், உங்கள் அம்மா இருந்தால் இதை என்னவென்று சொல்லியிருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள், வாதை, கண்ணேறு, செய்வினை, பயந்த கோளாறு, பாவத்தின் தண்டனை என்று ஏதோ ஒன்று வெளியே வரும். சில வேளைகளில் மருமகன் குடித்துவிட்டு மகளை அடிக்கிற செய்தியும் அதோடு சேர்ந்து வரும்.

நம்மிடம் வருவதற்கு முன் போன இடங்கள்

இம்மாவட்டத்தில் மனத்துன்பத்தோடு நம்மிடம் வருபவர்களில் நேராக நம்மிடம் வருபவர்கள் குறைவு. தம் ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில், சாமியாடும் கோமரத்தாடியிடம் குறி கேட்டிருப்பார். முப்பந்தல் இசக்கியம்மனுக்கு நேர்ந்திருப்பார். அய்யாவழியின் தலைமைப் பதியான சாமித்தோப்பில் தங்கி முத்திரிக் கிணற்றில் குளித்திருப்பார். தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவுக்குப் போயிருப்பார். சிலுவை நட்ட குருசடியில் மெழுகுதிரி ஏற்றியிருப்பார். தியான இல்லத்தில் ஒரு வாரம் இருந்திருப்பார். உபவாச ஜெபத்தில் கைவைத்து மன்றாடியிருப்பார்கள். ஒரே குடும்பம் இவற்றில் மூன்று இடங்களுக்குப் போயிருப்பதும் உண்டு, குடும்பத்தின் மதம் எதுவாக இருந்தாலும்.

அவற்றை இகழ்வதும் கூடாது. நமக்கு நம்பிக்கை இல்லாதபோது நம்புவதாக நடிப்பதும் கூடாது. அங்கே போனதால் என்ன கிடைத்தது என்று கேட்டு, கிடைத்ததைத் தொடரச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு அங்கே உறக்கம் வந்திருக்கும், இன்னொருவருக்கு அழுவதற்கு இடம் கிடைத்திருக்கும், வேறொருவரை வேளாவேளைக்கு உண்ணச் செய்திருப்பார்கள். மருந்தும் வழிபாடும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை நாம் சொல்வதைவிட, அவர் மதிக்கும் பங்குத்தந்தையோ போதகரோ பதியில் பணிவிடை செய்பவரோ பள்ளிவாசல் இமாமோ சொன்னால் எளிதில் நிலைக்கும். ஆகவே பணியில் சேர்ந்த முதல் சில மாதங்களுக்குள் அவர்களை நேரில் சென்று பார்ப்பது பணியின் பகுதியே. எவ்வகை அறிகுறி கண்டால் நம்மிடம் அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். அவர்களிடம் வருபவர்கள் என்னென்ன சொல்கிறார்கள் என்பதையும் பொறுமையாகக் கேளுங்கள். மருந்து எடுப்பதே விசுவாசக் குறைவு என்று கருதும் சபையைச் சேர்ந்தவரிடம் வாதாட வேண்டாம். மருந்தில்லாத ஆலோசனையையேனும் தொடர அவர் இசைகிறாரா என்று பார்த்து, வருகை அறுந்துபோகாமல் காக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் மருத்துவரோடு சேர்ந்து வேறு முடிவெடுக்க வேண்டும்.

சாமியாடுதல் நோயா என்று புதியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கொடை நாளில், வில்லுப்பாட்டும் மேளமும் உச்சத்துக்கு வரும்போது, ஊரார் எதிர்பார்க்கும் ஒருவர் மீது சாமி வந்து, குறி சொல்லி, மலையேறியபின் அவர் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போகிறார் என்றால் அங்கே நமக்கு வேலை இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப்பட்டியலும், ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக நிகழ்வதை நோயாகக் கொள்ளவில்லை. காலமும் இடமும் இல்லாமல் அடுக்களையிலும் பேருந்திலும் வருவது, வருபவருக்கே அது வேண்டாத துன்பமாக இருப்பது, உணவும் உறக்கமும் வேலையும் குலைவது, அவருடைய ஊராரே "இது சாமி இல்ல" என்று சொல்வது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னதை நான் பெரிதும் மதிக்கிறேன். எது சாமி, எது அல்ல என்பதை அந்த ஊர் மூதாட்டி ஒருவர் நம்மைவிட விரைவாகப் பிரித்தறிவார்.

பண்பாட்டு அறிவு உயிரைக் காக்கும் இடம் ஒன்று உண்டு; அதைத் தனியே சொல்ல வேண்டும். நாள்தோறும் குடிப்பவர் கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போடுகிறார்; அல்லது தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நிறுத்துகிறார்; அல்லது குடும்பத்தார் அவரைத் தியானத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். எல்லாரும் மகிழ்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. நீண்ட காலம் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இடம், காலம் தெரியாத குழப்பமும், இல்லாத உருவங்களைக் காண்பதும் ஏற்படலாம். விரதத்தின் மூன்றாம் நாளில் இப்படி நேர்ந்தால் சாமி குற்றம் என்றோ பிசாசு வெளியேறுகிறது என்றோ கொள்வது வழக்கம். உடனடி மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். எனவே ஐப்பசி மாதத்திலேயே, அதுபோல் தவக்காலத்துக்கு முன்பே, குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் இவ்வாண்டு மாலை போட எண்ணமுண்டா, நோன்பு எண்ணமுண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அந்த எண்ணத்தை மனமாரப் பாராட்டி, மருத்துவரின் மேற்பார்வையில், வைட்டமின் பி1 உள்ளிட்ட மருந்துகளின் துணையோடு முன்னதாகவே நிறுத்தும் திட்டத்தை வகுத்துக்கொடுங்கள். நாற்பத்தொரு நாள் விரதம் அவருக்குத் தரும் உறுதியும், உடன் வரும் குருசாமியின் துணையும் எந்த ஆலோசனை அறையிலும் கிடைக்காதவை. விரதம் முடிந்து மாலை கழற்றும் நாளுக்கு மறுநாளே ஒரு சந்திப்பைக் குறித்துவையுங்கள்.

சங்கிலியால் கட்டி வைப்பதில் மட்டும் எந்த இணக்கமும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்த தீ விபத்தில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. வீட்டில் கட்டிவைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கொடியவர்கள் அல்லர். கொல்லைப்புறத்தில் கிணறு, அருகில் சாலை, பகலில் வீட்டில் ஆளில்லை என்ற நிலையில் வேறு வழியறியாதவர்கள். அவர்களைக் குற்றவாளியாக்கும் தொனியில் பேசாமல், ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவோ அன்றைக்கே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடற்கரை ஊர்கள்

2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் பலரை இழந்தன. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதிகளிலிருந்து ஆழ்கடலுக்குத் தங்கல் தொழிலுக்குப் போயிருந்தவர்கள் பலர் கரை திரும்பவில்லை. இரண்டும் பேரிடர்தான் என்றாலும் விட்டுச்சென்ற துயரம் வேறு வேறு. ஒக்கியில் போன பலருடைய உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாத இழப்பை, பாலின் பாஸ் என்னும் உளவியலாளர் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தார். அடக்கம் செய்யக் கல்லறை இல்லை, எந்த நாளில் நினைவுப் பூசை வைப்பது என்று தெரியவில்லை, தாலியைக் கழற்றுவதா என்ற கேள்வி உறவினர் வாயில் சுற்றுகிறது, வேறு நாட்டுக் கடற்கரையில் பிழைத்திருக்கலாம் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. இந்நிலையிலுள்ள பெண்ணிடம் "உண்மையை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்வதைப் போல் புண்படுத்துவது வேறில்லை.

செய்ய வேண்டியது, அவர் இரண்டையும் ஒருசேர நினைக்க இடம் கொடுப்பது. திரும்ப வரலாம் என்று நினைத்துக்கொண்டே, வராமலும் போகலாம் என்று எண்ணிப் பிள்ளைகளின் படிப்புக்கும் கடனுக்கும் வழி பார்க்க முடியும். நினைவுப் பூசை வைத்தால் நம்பிக்கையைக் கைவிட்டதாகப் பொருள் இல்லை என்பதைப் பங்குத்தந்தை மூலமாகச் சொல்ல வைக்கலாம். தனியறை ஆலோசனையைவிட, இதே இழப்புக்கு உள்ளான பெண்கள் சிலரை பங்கின் சிறு குடும்பக் குழுவான அன்பியத்தின் வழியாக ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டுவது இங்கே நன்றாகப் பயன் தருகிறது. சட்டப்படி இறப்பைப் பதிவு செய்தல், உதவித்தொகை, படகுக் கடன் பற்றிய விண்ணப்பங்களில் துணை நிற்பதும் மனநலப் பணியே; கையில் தாளில்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைவதே பலருக்கு உறக்கத்தைக் கெடுக்கிறது. நவம்பர் கடைசியிலும் டிசம்பர் 26 அன்றும், வானிலை எச்சரிக்கை வரும் ஒவ்வொரு நாளிலும் இந்த ஊர்களில் நெஞ்சுப் படபடப்பு கூடும் என்பதை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களைச் சந்திப்பதற்கும் காலக்கணக்கு வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் நடைமுறையில் உள்ளது. நம் மாவட்டம் இரண்டிலும் வருகிறது: சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு; முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. தொடர்ச்சியாகச் சில வாரங்கள் ஆலோசனை தேவைப்படுபவருக்கு இந்த அறுபத்தொரு நாட்களே வாய்ப்பு. கத்தோலிக்க மீனவர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. எனவே ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மன்றத்தில் வாரமொரு மணி நேரம் அமர்ந்தாலே, வேலை நாள் முழுவதும் மருத்துவமனையில் காத்திருந்தும் காண முடியாதவர்களைக் காணலாம்.

மருந்தும் தொழிலும்

மருந்தை எழுதுவது மனநல மருத்துவர். ஆனால் வருபவரின் வாழ்க்கை முறையை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நாம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் கையில் கூர்மையான கத்தியோடு மரத்தடியில் நிற்கிறார். இரவு தாமதமாக எடுத்த உறக்க மயக்கம் தரும் மாத்திரை அவரை அப்போதும் விட்டிருக்காது. இரவு முறையில் படகின் சுக்கான் பிடிப்பவருக்கும் இதே நிலை. மாத்திரையை மாலையிலேயே எடுக்கலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர்களைப் பொறுத்தவரை இன்னும் கூடுதல் கவனம் தேவை. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு நச்சு நிலைக்கு ஏறும். ரமலான் நோன்பு நோற்பவருக்கும், வெயிலில் வியர்த்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பவருக்கும் இது உண்மையான ஆபத்து. அவர்களுக்கு இரத்தப் பரிசோதனையும் நேர மாற்றமும் முன்னதாகவே முடிவாக வேண்டும். "நோன்பு வைக்காதீர்கள்" என்று ஒரே சொல்லில் தடுத்தால், நோன்பும் வைத்து நம்மிடம் மறைக்கவும் செய்வார். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை அவர் மதிக்கும் இமாம் சொல்வதே முறை. நெடுநாள் கடலில் தங்குபவர்களுக்கு மாதமொரு முறை போடும் ஊசி பொருந்துமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

மொழியும் வினாப்படிவங்களும்

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம் தமிழில் கிடைக்கிறது. அதன் எழுத்துத்தமிழை அப்படியே வாசித்தால் பாதிப் பேர் மரியாதைக்காகத் தலையசைப்பார்கள். பொருள் மாறாமல் பேச்சுமொழியில் கேளுங்கள். "கடந்த இரண்டு வாரங்களில்" என்பதற்கு, "போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு தொட்டு இன்றுவரை" என்பது போல் அவருடைய வாரக்கணக்கிலேயே கேட்டால் விடை துல்லியமாக இருக்கும். மலையாளம் பேசுபவருக்கு மொழிபெயர்க்கப் பிள்ளைகளையோ கணவரையோ பயன்படுத்த வேண்டாம்; அம்மொழி தெரிந்த பணியாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அவருக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு என்பதை வந்தவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். அவருக்குப் புரியும் மொழியில் விவரம் பெறுவது 2017 சட்டம் தந்த உரிமை.

பேச்சிப்பாறைக்கு மேலே காணி மக்களின் குடியிருப்புகளுக்குப் போகும்போது, குடித்தலைவரான மூட்டுக்காணியைச் சந்தித்து வந்த காரியத்தைச் சொல்லிவிட்டே வீடுகளுக்குள் செல்வது முறை. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை இசைத்துச் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் தீர்க்கும் பிலாத்தியின் இடத்தை மறுக்காதீர்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் உள்ளவர்களிடம், பதிவேடு, போர், காணாமற்போன உறவினர் பற்றி அவர்களாகத் தொடங்கும்வரை துருவிக் கேட்காமலிருப்பது நன்று.

குடும்பமும் இரகசியமும்

வளைகுடாவில் கணவர் இருக்கும் பெண் ஒருவர் மாமியாரோடு வருகிறார். சிகிச்சை தொடருமா என்பதை அங்கிருக்கும் கணவரே முடிவு செய்யப்போகிறார். அந்தப் பெண் இசைந்தால், கணவருக்கு விடுமுறையாக இருக்கும் நாளில் காணொளி அழைப்பில் அவரைச் சேர்த்துப் பேசுங்கள். மாமியாரை வெளியே உட்காரச் சொல்வது அவமதிப்பாகத் தோன்றாமலிருக்க, முதல் பத்து நிமிடம் அவர் பேசுவதைக் கேட்டு, "அம்மா, எல்லாரையும் நான் சிறிது நேரம் தனியாகப் பார்ப்பது வழக்கம்" என்று சொல்லலாம். எல்லாருக்கும் பொதுவான வழக்கம் என்றால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆனால் அது உண்மையிலேயே எல்லாருக்கும் பொதுவான வழக்கமாக இருக்க வேண்டும்.

பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிறார்கள் என்ற அச்சம் இங்கே எல்லாச் சமயத்தாருக்கும் உண்டு. தொலைபேசியில் அழைக்கும்போது மருத்துவமனையின் பெயரைச் சொல்லலாமா, எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வழியில் கண்டால் நாமாக வணக்கம் சொல்லாமல், அவர் சொன்னால் மட்டும் மறுமொழி சொல்வோம் என்பதையும் கூறிவிடுங்கள். அழைத்துவந்த போதகரோ ஊர்த் தலைவரோ பிறகு "என்ன சொன்னான்?" என்று கேட்டால், வருபவரின் சம்மதமின்றி எதையும் சொல்ல சட்டம் இடம் தரவில்லை என்று பணிவாக மறுக்க வேண்டும். கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் நன்கு தெரியும் என்பதால் நம் இரகசியத்தையும் எளிதில் புரிந்துகொள்வர். ஆனால் அது முழுமையானது, நம்முடையது அப்படியல்ல. உயிராபத்து, குழந்தை மீதான பாலியல் குற்றம், நீதிமன்ற ஆணை ஆகிய இடங்களில் நாம் சொல்ல வேண்டி வரும் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

பண்பாட்டை மதிப்பது என்றால் குடும்பம் கேட்பதையெல்லாம் செய்வது என்று பொருளல்ல. மகன் ஆணையே விரும்புகிறான், அவனை மாற்றிக் கல்யாணத்துக்கு ஆயத்தப்படுத்துங்கள் என்று பெற்றோர் கண்ணீரோடு வந்தால், அந்தக் கண்ணீரை மதித்து அவர்களுக்கும் நேரம் கொடுங்கள். ஆனால் மாற்றும் சிகிச்சை என்று ஒன்று இல்லை. சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் அதைத் தடை செய்ய உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. சமூக, சமய நெறியோடு ஒத்துப்போகாததை மட்டும் காரணமாகக் கொண்டு ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்பதும் 2017 சட்டத்திலேயே உள்ளது. வேறு மதத்தவரை விரும்பிய மகளை "புத்தி பேதலித்துவிட்டது" என்று கொண்டுவருபவர்களுக்கும் இதுவே விடை. கணவரின் அடியைப் பொறுத்துக்கொள்வதே நல்ல குடும்பப் பெண்ணுக்கு அழகு என்று யார் சொன்னாலும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அந்தப் பெண்ணின் கையில் சேர்ப்பது நம் கடமை.

தற்கொலை எண்ணத்தை நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கிறித்தவர் ஒருவர் அதைச் சொல்லவே கூசலாம். தற்கொலை செய்தவருக்குக் கோயிலில் அடக்கம் இல்லை என்று கேட்டு வளர்ந்திருப்பார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இடம்பெறவில்லை என்பது, இழந்து நிற்கும் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய செய்தி. முயன்று பிழைத்தவரின் வீட்டார் காவல்துறைக்கு அஞ்சி "விஷத்தைத் தெரியாமல் குடித்துவிட்டான்" என்பார்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு; இதைச் சொன்னபின் உண்மை வெளிவரும். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையிலும் தோட்டத்திலும் உள்ள இரசாயனங்களைப் பூட்டி, திறவுகோலை வேறொருவரிடம் வைக்கும்படி அன்றே ஏற்பாடு செய்யுங்கள். எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசக்கூடிய டெலி மானஸ் எண் 14416-ஐ அவருடைய கைப்பேசியில் நாமே பதிந்து கொடுப்பது நல்லது.

பதிவேட்டில் எழுதுவது

சந்திப்பு முடிந்ததும் நோயறிகுறிகளோடு சேர்த்து, அவர் தம் துன்பத்துக்குச் சொன்ன பெயர், காரணம், போய்வந்த இடங்கள், முடிவெடுப்பவர், வேலை நேரம், விரத நாட்கள் ஆகியவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். "மூடநம்பிக்கை உள்ளவர்", "ஒத்துழைக்காதவர்" போன்ற தீர்ப்புகளை எழுத வேண்டாம். அவர் தம் பதிவேட்டைக் கேட்டுப் பெறும் உரிமை உடையவர், அடுத்து வரும் பணியாளரும் அந்தச் சொல்லின் வழியாகவே அவரைப் பார்ப்பார். மேற்குப் பகுதியிலிருந்து வருபவர்கள் திருவனந்தபுரத்திலும் சிகிச்சை பெறுவது வழக்கமாதலால், மருந்துப் பெயர்களும் அளவுகளும் தெளிவாக எழுதிய ஒரு தாளை ஒவ்வொரு முறையும் கையில் கொடுத்தனுப்புங்கள். கடலுக்குப் போகிறவருக்கு அதே தாளை, நனையாத உறையில் இட்டு, மாத்திரைகளோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டும்.